மூணுக்கும் நாலுக்கும் நடுவுல

கேட்ட விலைக்கே பொருளைக் கொடுத்தால் வந்தவர் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறவர்கள் யாரும் கடை வைத்தவர்கள் இல்லை. நான் டில்லி கரோல் பாகில் இருபத்திரண்டு வருஷமாக சூட்கேஸ் விற்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறைதான், வாங்க வந்தவர் வாயிலிருந்து விழுந்த முதல் விலைக்கு "சரி, எடுத்துக்கோங்க" என்று சொன்னேன். அந்த அம்மாள் கை சுட்டதுபோலக் கைப்பிடியை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனவள்தான். இன்றுவரை திரும்பி வரவில்லை.

அதற்குக் காரணம் ஒரு லிஃப்ட்.

அது மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். கடைச் சுவரில் ஒரு டிவி உண்டு. அதில் எப்போதும் சத்தமில்லாமல் கிரிக்கெட் ஓடும். மனைவி பெட்டி பார்க்கும்போது கணவன் சும்மா நின்றால் விலையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவான். அவனுக்காகத்தான் அந்த ஏற்பாடு. அன்று எங்கோ மழை பெய்து ஆட்டம் நின்றுபோனது. பன்னிரண்டு வருஷமாக என் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் கவிதா ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு பாட்டுச் சேனலில் நின்றாள். நேரலை நிகழ்ச்சி. நான்கு பிள்ளைகள் வாத்தியங்களோடு நின்றார்கள். பின்னால் 'பாக்கெட் ஃபோர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. மயூர் விஹாரில் ஃபிளாட் தொகுதிகளுக்கு பாக்கெட் ஒன்று, பாக்கெட் இரண்டு என்றுதான் பெயர். தபால்காரருக்கு எழுதுகிற விலாசத்தையே பேண்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"சத்தத்த வையி" என்றேன் கவிதாவிடம்.

பாடியது ஒரு பெண். தோளில் கிடார், காதில் ஒற்றைக் கம்மல். தமிழா ஹிந்தியா என்று முடிவெடுக்காத பாட்டு, டில்லியில் எங்கள் வீடுகளில் பேசுகிற பேச்சைப் போலவே.

மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்கிறேன்,
பையா, கோயி ஹை?
மேலயும் போகல, கீழயும் போகல,
பையா, கோயி ஹை?

அவர்கள் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றுபோன கதை. உள்ளே மாட்டிக்கொண்டவள் வெளியே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறாள். ஒருவரும் இல்லை. பாடுவதை நிறுத்திவிட்டு விசில் அடிக்கிறாள். முதலில் மெதுவாக, உதவி கேட்க வெட்கப்படுகிறவர்கள் அடிக்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் உரக்க. ட்ரம்ஸ்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் ட்ரம்மை லிஃப்ட் கதவுபோலத் தட்டுகிறான். கிடார் ஒன்று மேலே கம்பி வடம் முனகுவதுபோல முனகுகிறது. தட்டுவது வேகமாகிறது, விசில் ஏறுகிறது. என் கை கல்லாப் பெட்டி மேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ரோத்தக்கிலிருந்து வந்த அம்மாள் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பெரிய பெட்டியைக் காட்டி, நான் சொன்னதில் பாதியைச் சொல்லி, "ஆதே மே தோகே?" என்று கேட்டிருக்கிறாள். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீக் ஹை, லே ஜாயியே" என்றேன். சரி, கொண்டுபோங்கள் என்று.

அந்த அம்மாள் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்த்தாள். ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். "இஸ்மே கராபி க்யா ஹை?" என்றாள். இதில் என்ன கோளாறு என்று. நான் டிவியைப் பார்த்தேன். லிஃப்ட் கதவு திறக்கப்போகிற மாதிரி இருந்தது. அவள் போய்விட்டாள்.

சரியாக அந்த நொடியில் சிமெண்ட் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்தபோது பேட்டி எடுக்கிறவன் சிரித்துக்கொண்டிருந்தான், பாட்டு முடிந்திருந்தது.

"அண்ணாச்சி, மேலுக்குச் சரியில்லையா?" என்றாள் கவிதா. அவள் கோவில்பட்டிக்காரி. "பாதி வெலைக்குத் தூக்கிக் குடுக்கீய. அந்தம்மா பயந்துபோய் ஓடுது. எதுத்த கடை சச்தேவா வாசலுக்கே வந்து பாத்துட்டுப் போறாரு."

"அந்த லிஃப்ட் திறந்துச்சா?" என்றேன்.

"எந்த லிஃப்ட்?"

அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரே கேள்விதான்.

நீங்கள் கேட்கலாம், இந்தக் காலத்தில் ஒரு பாட்டின் முடிவைத் தெரிந்துகொள்வது என்ன கஷ்டம் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். சேனல்காரர்கள் இணையத்தில் பேட்டியை மட்டும் போட்டிருந்தார்கள். பாக்கெட் ஃபோர் போட்டிருந்த எட்டு பாட்டுகளில் இது இல்லை. நிகழ்ச்சிக்காகப் புதிதாகக் கட்டிய பாட்டாம், இன்னும் பதிவு செய்யவில்லையாம். அந்த எட்டையும் கேட்டேன். மெட்ரோவில் கேட்டேன், கடை சாத்தும்போது கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியிலும் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டேன். என் மனைவி ஃபெபி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காதில் ஏதாவது வலியா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. என் அப்பா ஏசுதாஸ் தூத்துக்குடியிலிருந்து வந்து இந்தக் கடையைப் போட்டவர். மொத்த வியாபாரியிடம் போனால் வாங்க வேண்டிய பெட்டியைத் தொடவே மாட்டார், பக்கத்துப் பெட்டியைத்தான் தடவுவார். வேண்டியதைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார். அம்மா இருதயம்மாள் மீன்கடையில் எந்த மீனைக் கழுவி ஊற்றுகிறாளோ அதுதான் மத்தியானம் குழம்பில் கிடக்கும். விரும்பியதைத் திட்டுவதுதான் எங்கள் குடும்ப முறை. அந்த விதத்தில் பார்த்தால் நான் மிகவும் விரும்பப்பட்ட பிள்ளை.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்தப் புத்தி போகவில்லை. ஃபெபி காபி கொண்டுவந்தாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. "எப்படி இருக்கு?" என்று அவள் மாமா கேட்டார். "பரவால்ல" என்றேன். காபியைச் சொன்னேனா அவளைச் சொன்னேனா என்று அங்கே ஒரு சர்ச்சை ஓடியதாம். பத்தொன்பது வருஷமாகிறது. தினமும் காலையில் அதே காபியைத் தருகிறாள், நானும் அதே பதிலைத் தருகிறேன்.

செப்டம்பரில் எங்கள் பஜார் சங்கத்துக் கூட்டம் வந்தது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கடைத்தெருவில் மேளா நடத்துவோம். வருஷா வருஷம் ஒரு டிஜே வந்து காதைக் கிழித்துவிட்டுப் போவான். சங்கச் செயலாளர் சச்தேவா, என் எதிர்க்கடைக்காரர், செருப்பு வியாபாரி. இந்த வருஷமும் டிஜேதான் என்று எழுதப் போனார்.

பாக்கெட் ஃபோரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வேறு மாதிரி போனேன். "டிஜேயே போதும்" என்றேன் ஹிந்தியில். "டிவியில் வந்த ஒரு பேண்டை லாஜ்பத் நகர் பஜார்க்காரர்கள் பிடித்துவிட்டார்களாம். அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது."

சச்தேவா பேனாவை மூடினார். "லாஜ்பத் நகர் கோ மில் சக்தா ஹை, ஹமே நஹீ?" அவர்களுக்குக் கிடைக்கும், நமக்குக் கிடைக்காதா என்று.

"சிரமம்."

"அகஸ்டின், தும் ஜாவோ. தும்ஸே அச்சா மோல்பாவ் கௌன் கர்தா ஹை?" நீயே போ, உன்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறவன் யார் என்று.

வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினேன். லாஜ்பத் நகர்க்காரர்கள் அந்த பேண்டின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

திங்கள் கடை விடுமுறை. மெட்ரோ பிடித்து மயூர் விஹார் போனேன். பேண்டின் நிர்வாகி பாடுகிற பெண் சுபிக்ஷாவின் அப்பா, கஸ்தூரிரங்கன். மத்திய சர்க்காரில் அண்டர் செகரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாம் மாடிக்கு மேல், நாலாவது மாடியில் ஃபிளாட். நான் லிஃப்டில் ஏறவில்லை. காரணம் சொல்லத் தேவையில்லை.

"வாங்கோ, உக்காருங்கோ" என்றார். மேஜைமேல் ஒரு ஃபைல். பச்சை நாடாக் கட்டு. அதன் இடதுபக்கம் குறிப்புகள், வலதுபக்கம் கடிதங்கள். மகளின் பேண்டை அவர் ஒரு சர்க்கார் இலாகாவைப் போல நடத்தினார். "ப்ரோக்ராம் ஒன்றரை மணி. ஐட்டம் ஒன்பது. ரேட் இதில போட்டிருக்கேன், பாருங்கோ."

ரேட்டைப் பார்த்தேன். நியாயமாக இருந்தது. அதனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

பிறகு ஐட்டங்களைப் பார்த்தேன். ஒன்பதாவதாக இருந்தது: 'லிஃப்ட்'. உடனே கண்ணை இரண்டாவதுக்குக் கொண்டுபோனேன். "ரெண்டாவது பாட்டு நல்லாருக்கும்" என்றேன், பக்கத்துப் பெட்டியைத் தடவுகிற மாதிரி. "நாலாவது கொஞ்சம் இழுவை. இந்த ஒன்பதாவது இருக்கே சார், அதுதான் சரியில்ல. நடுவுல விசில் எல்லாம் வருமே. எங்க ஜனங்களுக்கு அதெல்லாம் ஆவாது. அதுக்கும் சேர்த்துக் குடுக்கணும்னா எப்படி?"

எங்கள் முறைப்படி அவர் இப்போது துடிக்க வேண்டும். 'அண்ணாச்சி, அதுதான் எங்க சரக்கிலேயே உசத்தி, அதைப்போய் இப்படிச் சொல்றீங்களே' என்று கேட்க வேண்டும். நான் எழுந்துகொள்ள வேண்டும். அவர் கையைப் பிடித்து உட்கார்த்தி, கொஞ்சம் இறங்கி, அந்தப் பாட்டை இரண்டுமுறை பாடச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

அவர் பேனாவைத் திறந்தார். "ஒன்பதாவது ஐட்டம். சரியில்லை. விசில்" என்று சொல்லிக்கொண்டே இடதுபக்கத்தில் எழுதினார். கீழே தேதி போட்டார்.

நான் எழுந்தேன். "அப்ப வாரேன் சார்."

"சரி" என்று அவரும் எழுந்தார். கதவு வரைக்கும் வந்தார். கரோல் பாகில் யாரும் வாடிக்கையாளரை மூன்றாவது அடிக்கு மேல் போக விடமாட்டார்கள். நான் ஐந்து அடி வைத்தேன், ஆறு வைத்தேன். அவர் லிஃப்ட் பட்டனை அமுக்கி, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஜாக்கிரதையா போயிட்டு வாங்கோ" என்றார்.

அவர் உள்ளே போனதும் படி வழியாகக் கீழே போய் வாசல் செக்யூரிட்டியோடு கால்மணி நேரம் வானிலை பேசினேன். யாரும் கூப்பிடவில்லை. குடையை மறந்துவிட்டேன் என்று திரும்ப மேலே போனேன். குடையே கொண்டுபோகவில்லை. அவர் உண்மையாகவே சோபாவுக்கு அடியில் குனிந்து தேடினார். அந்த மனிதரிடம் என் வித்தை எதுவும் செல்லாது என்று புரிந்துபோய், சொன்ன ரேட்டுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சங்கத்தில் மட்டும், பிடித்து உலுக்கிவிட்டேன் என்று சொன்னேன். சச்தேவா முதுகில் தட்டினார்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. 'தாங்கள் தெரிவித்த கருத்தை ஏற்று, ஒன்பதாவது ஐட்டம் நீக்கப்படுகிறது. பதிலாக தீபாவளி ஆரத்திப் பாடல் சேர்க்கப்படும்.'

மூன்றுமுறை படித்தேன். கவிதா என் தோளுக்கு மேலிருந்து படித்தாள்.

"நல்லதுதான அண்ணாச்சி. நீங்க வேண்டாம்னு சொன்னத எடுத்துட்டாரு."

"ஆமா."

"பின்ன ஏன் மொகம் இப்படிப் போவுது?"

ஃபோன் செய்தேன். "சார், ஆரத்திக்கெல்லாம் எங்ககிட்ட ஆள் இருக்காங்க. நீங்க வேற ஏதாவது ஒண்ணு போடுங்க. எதுவா இருந்தாலும் சரி. ஒண்ணுமே இல்லன்னா அந்த விசிலைக்கூட ஒப்பேத்திக்கலாம்."

"நோ நோ" என்றார் கஸ்தூரிரங்கன். "உங்களுக்குப் பிடிக்காத ஐட்டத்தைத் திணிக்கிறது முறையில்லை. நான் ஃபைல்ல எழுதிட்டேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். விசில் பாட்டு மட்டமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் கடைசியில் கூட்டத்தைக் கலைந்துபோக வைக்க ஒரு மட்டமான பாட்டு தேவைப்படும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். மூன்றாம் முறை, அந்தக் கதவு தட்டுகிற இடம் பொறுக்க முடியாது, அதைக் கேட்டால்தான் எங்கள் ஆட்களுக்கு மற்ற பாட்டுகளின் அருமை தெரியும் என்றேன். நாலாம் முறை ஃபோனை எடுத்தது சுபிக்ஷா.

"அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? அந்த ஸாங்க நீங்க எங்க கேட்டீங்க? நாங்க டிவியில ஒரே வாட்டிதான் பாடினோம்."

"கடையில ஓடிட்டு இருந்துச்சு. கவனிக்கலம்மா."

"அச்சா. கவனிக்கல. ஆனா விசில், தட்டறது எல்லாம் ஞாபகம் இருக்கு."

"மட்டமானது மனசுல நிக்கும்லா."

"ஹான், ஹான்" என்றாள். "ஓகே அங்கிள். நாங்க பாடவே மாட்டோம். ப்ராமிஸ்." சிரித்தமாதிரி இருந்தது. வைத்துவிட்டாள்.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் சங்கத்துக்குத் தெரியும். முழு ரேட்டுக்கு நான் ஏன் தலையாட்டினேன் என்பது தெரியும், லாஜ்பத் நகர் கதை தெரியும். அதைவிட முக்கியம், அகஸ்டினுக்கு ஒன்று பிடித்தால் முகம் எப்படி இருக்கும் என்பது பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு எந்த மொத்த வியாபாரி எனக்கு இறங்குவான்? ஆனால் பாடாமல் போய்விட்டால், அந்தப் பெண் மூணுக்கும் நாலுக்கும் நடுவில்தான் எனக்குள் நிற்பாள், ஆயுசுக்கும்.

மேளா நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு மேடை போட்டார்கள். சங்கத்துக் குடும்பங்கள் முன்னால் நாற்காலியில், மற்றவர்கள் நின்றுகொண்டு. ஃபெபி டியூட்டி முடித்து நேராக வந்து மூன்றாம் வரிசையில் கவிதாவோடு உட்கார்ந்தாள். கஸ்தூரிரங்கன் மேடை ஓரத்தில் ஃபைலோடு நின்றார்.

எட்டு பாட்டு பாடினார்கள். எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் பாட்டுக்குத் தலையாடப் பார்த்தது, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டேன். எட்டாவது பாட்டுக்குச் செருப்புக்கடை சச்தேவாவே எழுந்து ஆடினார். பிறகு சுபிக்ஷா மைக்கருகே வந்தாள். அப்பாவிடமிருந்து ஃபைலைக் கேட்டு வாங்கினாள்.

"இன்னொரு பாட்டு இருந்தது" என்றாள் ஹிந்தியில், கூட்டத்தைப் பார்த்து. "ஆனால் உங்கள் சங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அகஸ்டின் அங்கிள் சொன்னது எல்லாம் இதில் இருக்கிறது." படிக்க ஆரம்பித்தாள். "செப்டம்பர் பதினஞ்சு, சரியில்லை. பதினேழு, ஒப்பேற்றலாம். பத்தொன்பது, மட்டம், கூட்டம் கலையும். இருபத்திரண்டு, பொறுக்க முடியாது."

கூட்டம் சிரித்தது. சச்தேவா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பொருளை ஒருமுறை மட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் வாங்க மாட்டான், நான்குமுறை வந்து மட்டம் என்கிறவன் அதை வாங்காமல் போக மாட்டான். இது எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

"அதனால நாங்க கிளம்பறோம்" என்றாள் சுபிக்ஷா. கிடாரைத் தோளிலிருந்து கழற்றினாள். திரும்பி நடந்தாள்.

ஒரு அடி. இரண்டு அடி.

என் பிழைப்பையே இவள் என் தெருவில் வந்து நடந்து காட்டுகிறாள். இவளை யார் பழக்கினார்கள்? நிச்சயமாக அப்பா இல்லை.

மூன்றாவது அடி.

"ஏ பாப்பா, நில்லு" என்றேன்.

அவள் நிற்கவில்லை. நாலாவது அடியை வைத்தாள். நான் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து மேடை ஏறினேன். மைக் என் முகத்துக்கு நேராக இருந்தது. எதிரே பஜார் முழுக்க உட்கார்ந்திருந்தது; இரண்டு மொத்த வியாபாரிகள் உட்பட.

"இந்தப் பாட்டு" என்றேன் ஹிந்தியில். "இந்தப் பாட்டு நல்ல பாட்டு. எனக்குப் பிடிச்சிருக்கு." முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை, தமிழுக்குத் தாவிவிட்டது. "மார்ச் மாசத்துலேருந்து எனக்கு லிஃப்டுல கால் வைக்கப் பயமா இருக்கு. அந்தக் கதவு திறந்துச்சா இல்லையான்னு தெரியணும். மத்த எட்டு பாட்டும் நல்ல பாட்டு. எல்லாமே பிடிச்சிருக்கு. நாலாவது இழுவைன்னது பொய்."

தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்துவிட்டது என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்றாம் வரிசையில் ஃபெபி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேங்க்யூ அங்கிள்" என்றாள் சுபிக்ஷா, கிடாரை மறுபடி மாட்டிக்கொண்டு. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. என் பேப்பர் மேல நிக்கறீங்க."

குனிந்து பார்த்தேன். மைக் கம்பிக்குக் கீழே தரையில் டேப் போட்டு ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அன்று பாட வேண்டிய பாட்டுகளின் வரிசை. ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்பதாவதாக இருந்தது: லிஃப்ட். ஆரத்தி எங்குமே இல்லை.

சும்மா கிடைக்க இருந்ததை நான் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். வியாபாரியாக அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ மரியாதைதான்.

பாடினாள். மேலயும் போகல, கீழயும் போகல. விசில் வந்தது, மெதுவாக. கதவு தட்டுகிற இடத்தில் பஜாரே நாற்காலி முதுகில் தட்ட ஆரம்பித்தது. நான் தாடையை விட்டுவிட்டேன். சிமெண்ட் விளம்பரம் வந்த இடம் வந்தது, தாண்டிப் போனது. அப்புறம் கிடார் 'டிங்' என்று ஒரு மணி அடித்தது. கதவு திறக்கிறது. வெளியே ஒரு ஆள் காய்கறிப் பையோடு நிற்கிறார். அரைமணி நேரமாக விசிலடித்தவளைப் பார்த்து, "மேல போகுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஏறிக்கொள்கிறார். கதவு மூடுகிறது. மறுபடியும் மூணுக்கும் நாலுக்கும் நடுவில் நிற்கிறது. இந்த முறை இரண்டு குரல்: "பையா, கோயி ஹை?" ட்ரம்ஸ்காரன்தான் காய்கறிப் பைக்காரர். அடுத்த முறை மூன்று குரல். கடைசியில் தெரு முழுக்க அந்த லிஃப்டுக்குள் நின்று கத்தியது. நானும்.

இறங்கி வந்தபோது கஸ்தூரிரங்கன் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "கடைசி ஐட்டம் பத்தி ரிமார்க்ஸ்?"

"பரவால்ல" என்றேன், பழக்கத்தில். அவர் பேனாவைத் திறந்தார். பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "அடிச்சிருங்க சார். பிரமாதம்னு எழுதுங்க."

"பிரமாதம்" என்று எழுதித் தேதி போட்டார்.

சச்தேவா பக்கத்தில் வந்து என் கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், கடையில் தோல் பார்க்கிற மாதிரி. "தோ யே ஹை தேரா அஸ்லி செஹ்ரா" என்றார். இதுதான் உன் நிஜ முகமா என்று. "அடுத்த வருஷம் பேரம் பேச வேறு யாரையாவது அனுப்பலாம்."

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் ஃபெபி கேட்டாள்: "எட்டு பாட்டுமா?"

"ம்."

"ஒன்பது வருது. கடைசியையும் சேத்து."

"ம்."

"ஒரே நாள்ல ஒன்பது" என்று வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மறுநாள் காலை காபி கொண்டுவந்து வைத்தாள். வழக்கமான டம்ளர், வழக்கமான காபி. ஒரு வாய் குடித்தேன். மைக்கே இல்லாமல், ஒருவரும் மூன்று அடி நடக்காமல், அதை நானாகச் சொன்னேன்.

"நல்லாருக்கு."

ஃபெபி அடுப்படிக்குப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள், நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இதுல என்ன கோளாறு?" என்றாள்.